மேனிபுலேஷன்: ‘எதை?’ என்று முதலில் கேளுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வங்கித் தேர்வுக்கும், மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிற தமிழ்வழிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு ஆங்கிலச் சொல், எதிரே ஒரு தமிழ் அர்த்தம் என்று நோட்டில் எழுதி உருப்போடுகிறார்கள். பல சொற்களுக்கு இது போதும். ‘மேனிபுலேஷன்’ (manipulation) மட்டும் காலை வாரிவிடும். ‘கையாளுதல்’ என்று படித்தவர் ஒரு வகைக் கேள்வியில் தவறுவார், ‘சூழ்ச்சி’ என்று படித்தவர் இன்னொரு வகையில். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, ஒன்றுக்கு 2 மதிப்பெண், தப்பானால் அரை மதிப்பெண் போகும். மொத்தம் 100 கேள்விக்கு 60 நிமிடம்தான். உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது, கையில் ஒரு சுருக்கு வழி வேண்டும்.

அந்த வழி இதுதான்: வாக்கியத்தில் செயப்படுபொருளைத் தேடுங்கள். எதை மேனிபுலேட் செய்கிறார்கள்? பொருளையா, பதிவையா, ஆளையா?

பொருள் என்றால் பெரும்பாலும் குற்றம் ஏதும் இல்லை. கல்லணையில் ஷட்டர்களை ஏற்றி இறக்கிக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். ஷட்டரை இயக்கும் அந்த வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் சொல்லலாம். சுவாமிமலை ஸ்தபதி மெழுகை விரலால் நீவி உருவம் எடுப்பதற்கும் இதுவே பொருந்தும். தமிழில் ‘இயக்குதல்’, ‘கையாளுதல்’, ‘லாவகம்’ என்று எழுதலாம். விடைப் பட்டியலில் ‘ஹேண்ட்லிங்’, ‘ஆப்பரேஷன்’ இருந்தால் அங்கே போங்கள்.

பதிவு, கணக்கு, அளவு என்றால் கதை மாறுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. கருவி 19 காட்டிய நெல்லுக்குப் பதிவேட்டில் 17 என்று எழுதினால் அது மேனிபுலேஷன். கருவியை முறையாக இயக்கிப் பார்ப்பதும் அதே சொல்தான், ஆனால் அதில் தப்பில்லை. எண்ணைத் தொட்டதும் பொருள் கறுத்துவிடுகிறது. இங்கே ‘முறைகேடு’, ‘தில்லுமுல்லு’, ‘திருத்தல்’, ‘திரித்தல்’ பொருந்தும். எண்ணையும் எழுத்தையும் திருத்துவார்கள், செய்தியையும் உண்மையையும் திரிப்பார்கள். ‘உண்மைகளைத் திருத்தினார்’ என்று எழுதினால் பிழையைச் சரிசெய்தார் என்ற தலைகீழ் அர்த்தம் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி விழுகிற குழி ‘கையாடல்’. ஒலி ஒற்றுமையில் ஏமாந்து கணக்கு மேனிபுலேஷனுக்குக் ‘கணக்குக் கையாடல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கையாடல் என்பது பொறுப்பில் இருந்த பணத்தை எடுத்துக்கொள்வது, அதற்கு ஆங்கிலத்தில் ‘எம்பெஸில்மென்ட்’ என்று தனிச்சொல் உண்டு. கணக்கை மாற்றி எழுதியவர் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருக்கலாம். நஷ்டத்தை மறைக்க எழுதியிருக்கலாம். செய்தித்தாளில் ‘கூட்டுறவுச் சங்கத்தில் கையாடல்’ என்று வந்தால் பணம் போயிருக்கிறது என்று பொருள்.

ஆள் என்றால்தான் அன்றாடப் பேச்சுக்கு வருகிறோம். பாகப்பிரிவினையில் பெரியப்பாவிடம் நைச்சியமாகப் பேசிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, கணவன் மனைவியிடம் ‘உன்னை விட்டால் எனக்கு யார்?’ என்று அழுதே ஒவ்வொரு முறையும் காரியம் சாதிப்பது, இவை எல்லாம் இந்த வகை. ‘ஆட்டி வைத்தல்’, ‘வசப்படுத்துதல்’, ‘பசப்புதல்’, ‘கைப்பாவையாக்குதல்’ என்று இடத்துக்கு ஏற்றபடி எழுதலாம். ‘தாஜா செய்தல்’ கொஞ்சம் இளப்பமான சொல், முகஸ்துதி சேர்ந்தது. ‘உள்ளடி வேலை’ என்றால் கூட இருந்தே குழி பறிப்பது. அதில் மேனிபுலேஷனை விடத் துரோகம் தூக்கல். ‘இது யாருடைய கைங்கரியம்?’ என்று கேலியாகக் கேட்பதும் நம் பக்கத்தில் சகஜம்தான். ஆனால் அந்தக் ‘கை’ நம் கை இல்லை. பணியாளைக் குறிக்கும் ‘கிங்கர’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, கோயில் தொண்டுக்கு வழங்குவது.

ஆள் வகையில் விடைப் பட்டியல் மூன்று சொற்களை வைத்துக் குழப்பும். ‘பர்ஸுவேஷன்’ என்பது காரணம் சொல்லி இணங்க வைப்பது. உங்கள் உள்நோக்கம் தெரிந்த பிறகும் எதிராளி சம்மதிப்பாரா என்று பாருங்கள். சம்மதிப்பார் என்றால் அது பர்ஸுவேஷன். தெரிந்தால் விலகிவிடுவார் என்றால் மேனிபுலேஷன். ‘கோயர்ஷன்’ மிரட்டிப் பணிய வைப்பது. அங்கே எதிராளிக்குத் தான் பணிய வைக்கப்படுவது நன்றாகத் தெரியும், அதனால் அது இணைச்சொல் (அதே பொருள் தரும் சொல்) ஆகாது. ‘எக்ஸ்ப்ளாயிட்டேஷன்’ சுரண்டல், நெருங்கின உறவு. வேறு எதுவும் பொருந்தவில்லை என்றால் மட்டும் அதை எடுங்கள்.

மற்ற ஆங்கில இணைச்சொற்களும் தத்தம் துணையோடுதான் வரும். ‘ரிக்கிங்’ தேர்தலுக்கும் ஏலத்துக்கும், ‘டாம்பரிங்’ சாட்சியம், மின்மீட்டர், முத்திரை ஆகியவற்றுக்கு, ‘டிஸ்டார்ஷன்’ உண்மைக்கு. ‘குக்கிங் தி புக்ஸ்’ என்றால் கணக்கில் பொய் எழுதுவது. அதைச் சமையல் குறிப்பாக மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

துறைச் சொற்களில் தயங்கவே வேண்டாம். கணிதத்தில் கோவையை மாற்றி எழுதிச் சுருக்குவது, கணினியில் அட்டவணையில் தரவைச் சேர்ப்பதும் மாற்றுவதும் நீக்குவதும், மருத்துவத்தில் இறுகிப்போன தோள் மூட்டை மயக்க மருந்து கொடுத்து அசைத்துவிடுவது எல்லாமே நடுநிலைப் பொருள். பங்குச் சந்தையும் நாணயமும் மட்டும் விதிவிலக்கு. பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்குவதைத் தடுக்க 2003இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தது. 2019 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத் துறை சீனாவைக் ‘கரன்சி மேனிபுலேட்டர்’ என்று அறிவித்து, 2020 ஜனவரியில் அந்த முத்திரையை நீக்கிக்கொண்டது. வங்கித் தேர்வுக்காரர்கள் இதைப் பொது அறிவோடு சேர்த்தே படிக்கலாம்.

வேர் நினைவிருந்தால் சொற்குடும்பம் முழுவதும் தங்கும். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை, ‘மானிபுலுஸ்’ என்றால் ஒரு கைப்பிடி, கட்டு. அறுவடையில் ஒரு பிடி கதிரை நாம் ‘அரி’ என்கிறோமே, அதே அளவு. ‘மேனுவல்’, ‘மேனுஸ்கிரிப்ட்’ எல்லாம் அந்தக் கையிலிருந்தே வந்தவை. முதலில் கைவேலையைக் குறித்த சொல், பிற்பாடுதான் ஆட்களின் மேல் பாய்ந்தது. ‘மேனிபுலேட்டிவ்’ என்ற பெயரடை ஆளைச் சொன்னால் வசைதான். ‘மேனிபுலேட்டர்’ ரோபோவின் கையாகவும் இருக்கலாம், அதனால் மறுபடியும் வாக்கியத்தைப் பாருங்கள்.

நோட்டை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: முழு வாக்கியம், ‘எதை?’, தமிழ்ச் சொல். நடுக் கட்டத்தை நிரப்பாமல் மூன்றாவதற்குப் போகாதீர்கள். வாக்கியங்களை ஆங்கிலச் செய்தித்தாளின் வணிகம், நீதிமன்றம், அறிவியல் பக்கங்களிலிருந்து எடுத்தால் மூன்று வகையும் கிடைக்கும். அகராதியிலிருந்து மட்டும் எடுத்தால் வாக்கியங்கள் துண்டு துண்டாகவே இருக்கும்.

எதிர்ச்சொல் கேட்டால் கொஞ்சம் கவனம். மேனிபுலேஷனுக்கு நேர் எதிர்ச்சொல் என்று ஒன்று கிடையாது. ‘மேனிபுலேட்டிவ்’ என்பதற்குக் கேட்பார்கள். ‘ஃபிராங்க்’, ‘ஸ்ட்ரெயிட்ஃபார்வர்ட்’ எளிதில் அகப்படும். ‘ஆர்ட்லெஸ்’ என்று கொடுத்திருந்தால் ‘கலை தெரியாதவர்’ என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். அதற்குக் கள்ளம் கபடம் இல்லாதவர் என்று பொருள், விடை அதுவாக இருக்கக்கூடும்.