வீக்கம் வடிந்த பிறகுதான் தொடை பேச்சைக் கேட்டது

முழங்கால் தேய்மானம் என்றாலே வலியைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். என்னைப் பயமுறுத்தியது வேறு: படி இறங்கும்போது இடது கால் திடீரென்று மடங்கிக்கொள்ளும். ஏறுவதையாவது கைப்பிடியைப் பிடித்துச் சமாளிக்கலாம். இறங்க, உடம்பின் பாரத்தைத் தொடை தாங்கி மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பிடி இல்லை.

நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தேய்மானம் 0 முதல் 4 வரையான அளவில் 2ஆம் நிலை என்றார் மருத்துவர். “அதற்கு இவ்வளவு பலவீனமா?” என்றேன். “தசை எக்ஸ்ரேயில் தெரியாதே” என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா படுக்க வைத்து, முட்டிக்கு மேலே ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகை விரலால் முட்டிச் சில்லைத் தட்டினார். சில்லு அமிழ்ந்து கீழே எலும்பில் ‘டக்’கென்று இடித்தது. உள்ளே நீர் கோத்திருக்கிறது என்றார். பிறகு முட்டியை மெத்தையில் அழுத்தித் தொடையை இறுக்கச் சொன்னார். வலது தொடையில், முட்டிக்குச் சற்று மேலே உட்பக்கத் தசை கெட்டியாகத் திரண்டது. இடது தொடை தொளதொளவென்று கிடந்தது. அப்போது வலிகூட இல்லை!

மூட்டுக்குள் நீர் சேர்ந்து உறை விரிந்தால், அங்குள்ள நரம்புகளின் சேதியைக் கேட்டுத் தண்டுவடம் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. நல்ல முழங்காலில் உப்பு நீர் ஏற்றிச் சோதித்தபோது, 20 - 30 மில்லியிலேயே அந்த உட்பக்கத் தசை மந்தமாகியிருக்கிறது. தசை ஓய்ந்தால் நடையின் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். மூட்டின் உள்சவ்வு மறுபடி அழற்சி கண்டு இன்னும் நீர் விடும். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று வீங்கிய காலோடு நடக்கச் சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்ல ஆசை.

அதனால் முதல் வேலை வீக்கம். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், டைக்ளோஃபெனாக் ஜெல் என்ற வலிப் பூச்சு, வலது கையில் கைத்தடி. தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள். ரத்தக்கொதிப்பு இருப்பதால் வலி மாத்திரையை மருத்துவர் தவிர்த்துவிட்டார்.

பயிற்சி சலிப்பூட்டும். முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, 5 எண்ணும்வரை இறுக்கிப் பிடிப்பது. காலை நீட்டி மடக்காமல் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. இது இடுப்புத் தசைக்கு. ஆரம்பத்தில் தொடையைத் தொட்டுப் பார்த்தால்தான் தசை அசைவதே தெரிந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதும், தாழ்ந்த படியில் ஏறி இறங்குவதும் வெகு நாள் கழித்தே வந்தன.

எவ்வளவு செய்யலாம் என்பதை மறுநாள் காலை முட்டி சொல்லிவிடும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. விடிந்ததும் முட்டி உப்பியிருந்தால் அன்று பாதிதான். அப்படிப் பின்வாங்கிய நாட்கள் நிறைய. வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்தத் தோன்றும். அந்த அம்மா விடவில்லை, தசை ஏற மாதக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் கால் மடங்குவது நின்றுவிட்டது. படி இறங்கும்போது கைப்பிடியை வெறுமனே தொட்டுக்கொண்டு வருகிறேன்.