மூட்டை கட்டும் நேரம்

2024 டிசம்பர் 2, காலை. ஏற்காட்டில் அம்மாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேரின் பாஸ்போர்ட்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை. போனில் ஒரு கோடுகூட எழவில்லை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அங்கேயே சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக எழுந்து எங்கள் பக்கம் வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்று பிறகு தெரிந்தது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்ததால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். குப்பனூர் வழியாக இறங்க முடியுமா என்று மாமா குடையோடு போய் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு பண்ற?" என்றாள் அம்மாயி.

"மூட்டை கட்டறேன் அம்மாயி. கூப்பிட்டா உடனே கிளம்பற மாதிரி இருக்கணும்."

"யாரு கூப்பிடுவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரோடே இல்லாத ஊரில் கிளம்பத் தயாராக இருந்தேன். கை தானாகச் செய்கிற வேலை அது. ஃபுளோரிடாவில் ஐந்து வருஷம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டை. அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குப் பிறந்த ஊர் இந்த மலை. எங்களுக்குப் புயல் என்றால் டிவியில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நடக்கும் ஒன்று. நமக்கு அதில் கிடைப்பது பள்ளிக்கூட லீவு, அதுவும் சில சமயம்தான். வெள்ளம் என்றால் மேட்டூர் டேம் 120 அடி தொட்டதா, தண்ணீர் திறந்தார்களா என்பதோடு சரி. ஹெலிகாப்டர் என்றால் தேர்தல். பெரிய தலைவர் யாராவது வந்து இறங்குவார், நாங்கள் தூசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்போம்.

அப்படிப்பட்டவள் 2019 ஜூனில் போய் இறங்கியது தாம்பா வளைகுடாவின் கரையில். வாடகை குறைவாக இருக்கிறதே என்று எடுத்த வீடு, கிளியர்வாட்டரில் விமான நிலையத்துக்குப் பக்கம். குறைவுக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த ஊரில் கடல் தண்ணீர் ஏறக்கூடிய தெருக்களுக்கு ஓர் எழுத்து உண்டு, ஏ, பி, சி என்று. புயல் வந்தால் முதலில் வெளியேற வேண்டியது ஏ. எங்கள் தெரு ஏ.

அந்த விமான நிலையத்தை ஒட்டியேதான் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விமானத் தளம் இருக்கிறது. அவர்களுடைய தளங்களிலேயே பெரியது அதுதான் என்பார்கள். ஜேஹாக் என்கிற ஆரஞ்சு, வெள்ளை ஹெலிகாப்டர்களும் நாலு புரொப்பல்லர் வைத்த ஹெர்குலிஸ் விமானங்களும் அங்கே நிற்கும். முதல் ஒரு மாதம், தலைக்கு மேல் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வயிற்றைப் பிசையும். பாதி நாள் அது வெறும் பயிற்சி. போகப் போக, அந்தச் சத்தம் கேட்டால்தான் குழந்தை தூங்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

முதல் புயல் பயம் அந்த வருஷ ஆகஸ்ட் கடைசியில், டோரியன். தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒரு படம் போட்டார்கள். நான் 2 மூட்டை சோனா மசூரியும் 5 கிலோ துவரம் பருப்பும் வாங்கிவந்தேன். கரண்ட் போனால் அதை எதில் வேகவைப்பாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். அங்கே அடுப்பும் கரண்ட்டில்தான். டோரியன் பஹாமாஸைச் சிதைத்துவிட்டு எங்கள் பக்கம் வராமலே திரும்பியது. எங்கள் தலைக்கு மேல் பறக்கும் அதே ஹெலிகாப்டர்கள் அந்தத் தீவுகளுக்குப் போய் அடிபட்டவர்களைத் தூக்கிவந்ததைச் செய்தியில் பார்த்தேன். அரிசி மட்டும் பொங்கல் வரைக்கும் தீரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். அந்தத் தளத்திலேயே பிளைட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், எழுபது வயது மனிதரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சார் என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் என் மகள் தாத்தா என்று ஆரம்பித்தாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், இப்போது கதவைத் தட்டிவிட்டு "தாத்தா" என்றுதான் குரல் கொடுக்கிறார்.

2022 செப்டம்பரில் இயன் புயல் நேராக எங்கள் வளைகுடாவுக்கு வருகிறது என்றார்கள். அவர் ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்துக்கொண்டிருந்தார், நான் ஸ்க்ரூ டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டேன், புயல் அடிக்கும்போது ஹெலிகாப்டரெல்லாம் எங்கே நிற்கும் என்று. ஹேங்கருக்குள் என்ஜினைச் சூடாக வைத்துக்கொண்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அவர் சிரித்தார். "இங்கே ஒன்றுகூட நிற்காது. தளமே ஏ மண்டலம்தான்."

எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. மீட்க வேண்டியவர்களே முதலில் ஓடுவதா? அவர் பிளைவுட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். காற்றும் கடலும் ஏறிவந்தால் தரையில் நிற்கிற ஹெலிகாப்டர் வெறும் தகரம். ஒன்று போனால், அது தூக்கியிருக்கக்கூடிய அத்தனை பேரும் போன மாதிரி. அதனால் புயலின் பாதையைப் பார்த்துவிட்டு, அது தொடாத ஊருக்கு எல்லாவற்றையும் பறக்கவிட்டுவிடுவார்கள். புயல் கடந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே திரும்ப வருவார்கள். எங்கே போய் நிற்பது, காற்று எந்த அளவுக்கு இறங்கினால் கிளம்புவது, எந்த விமானத்துக்கு யார் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். தூங்காதவனை ஓட்டவிட மாட்டார்கள், பறக்கும் மணிக்கு வரம்பு உண்டு; அதனால் ஒரு ஹெலிகாப்டருக்கு ஒரு குழு போதாது, மாற்றுக் குழு வேண்டும்.

குழு என்றால் நாலு பேர். பைலட் இருவர், கம்பியை இறக்கி ஏற்றும் மெக்கானிக் ஒருவர், தண்ணீரில் குதிக்கிற நீச்சல்காரர் ஒருவர். இவருடைய வேலை அந்தக் கம்பி. சுமார் 200 அடி நீளம், 600 பவுண்டு வரை தூக்கும். நம் கணக்கில் 270 கிலோ சொச்சம். புயல் சீசனில் அதை முழுக்க வெளியே இழுத்து, துணியைப் பிடித்துக்கொண்டே தடவிப் பார்ப்பாராம். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணியில் நூல் மாட்டும். அப்பா பாவு நூலை விரலால் தடவிக்கொண்டே நடப்பது கண்ணுக்கு வந்தது. அதைச் சொல்லி, ஆயுத பூஜை பற்றியும் சொன்னேன். தறிக்குப் பொட்டு வைத்து ஒரு நாள் ஓட்டாமல் விடுவோம் என்றேன். ஓய்வு கொடுப்பது நல்ல விஷயம், எங்களுக்கு அதைச் செய்யச் சொல்லி மேலிடம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றார்.

புயலுக்கு முன்னால் வேறு வேலையும் உண்டு. ஹெர்குலிஸ் கடல்மேல் போய், படகுகளுக்கு ரேடியோவில் எச்சரிக்கை சொல்லிக்கொண்டே பறக்கும். படகுக்காரர்கள் எல்லாரும் காது வைத்திருக்கும் 16ஆம் சேனலில். நம் கடலோரக் காவல் படையும் இதைத்தான் செய்கிறது. புயல் சின்னம் என்றதும் மீனவர்களைக் கரைக்குத் திரும்பச் சொல்லி விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் அறிவிப்பார்கள். சேலத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாது, அமெரிக்கா போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் கோடாலி. 2005இல் கத்ரீனா அடித்தபோது நியூ ஆர்லியன்ஸில் தண்ணீர் ஏற ஏற ஜனங்கள் பரணுக்கு ஏறி, கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். கம்பியில் இறங்கிய நீச்சல்காரர்களிடம் கூரையை வெட்ட ஆயுதம் இல்லை. கிடைத்த கோடாலியை வைத்து வெட்டினார்கள். கடலோரக் காவல் படை அந்த முறை படகிலும் வானிலுமாகக் காப்பாற்றியது 33,500 பேருக்கு மேல். அதற்குப் பிறகு, ஊருக்குள் தண்ணீர் வரும் புயல் என்றால் மூட்டையில் கோடாலியும் சேர்ந்துகொண்டது என்றார்.

ஒன்றை மட்டும் அவர் வேகமாகச் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். ஊருக்காகக் கிளம்பும் முன் சொந்த வீட்டு ஜன்னலையும் அடிக்க வேண்டும், பெண்டாட்டி பிள்ளைகளைத் தனியாகக் காரில் ஏற்றி அனுப்ப வேண்டும். திரும்பி வந்து அடுத்தவர் வீட்டுக் கூரைமேல் பறக்கும்போது, தன் வீடு நிற்கிறதா என்று தெரியாது.

இயன் தெற்கே திரும்பி ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் போனது. மறு வருஷம் இடாலியா வடக்கே போனது. நாங்கள் துணிந்துபோய்விட்டோம். அதுதான் தப்பு. 2024 செப்டம்பர் 26இல் ஹெலீன் 150 கிலோமீட்டருக்கு அப்பால் கடலிலேயே கடந்து போனபோதும் எங்கள் தெரு முனை வரைக்கும் உப்புத் தண்ணீர் வந்து நின்றது. தெருவெல்லாம் நனைந்த சோபாவும் மெத்தையும் குவிந்து கிடக்க, அதை அள்ளி முடிப்பதற்குள் மில்டன். ஒரே நாளில் பூதமாக ஊதி, அக்டோபர் 7இல் காற்று மணிக்கு 290 கிலோமீட்டர்.

8ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அன்றைக்கு வானத்தில் சத்தமே இல்லை. காரில் சாமான் ஏற்றும்போது சட்டென்று அதை உணர்ந்தேன். வழக்கமான சத்தம் போய்விட்டது. அவர்கள் போய்விட்டார்கள் என்றால் நாமும் போக வேண்டியதுதான். பெரியவர் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, கிரைண்டர் எதற்கு என்று கேட்டார். சேலத்திலிருந்து தூக்கிவந்தது, விட மனசில்லை என்றேன். இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேனை ஏற்றினார்.

அட்லாண்டா பக்கம் ஒரு நாமக்கல் குடும்பம் இடம் கொடுத்தது. எட்டு மணி நேர வழி, பதினாறு மணி நேரம் ஆனது. அம்மா போனில், "ஆயுத பூஜைக்கு வீட்டப் பூட்டிப்போட்டு இப்படி ஓடறதா?" என்றாள். இங்கே ஹெலிகாப்டரே ஓடிவிட்டது அம்மா என்றேன். புரியவில்லை. எனக்கே புரிய மூணு வருஷம் ஆயிற்று.

மில்டன் 9ஆம் தேதி இரவு எங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீயில் ஏறியது. அம்மாபேட்டையில் அப்போது மறுநாள் காலை ஆறு மணி. அம்மா வாசலுக்குக் கோலம்கூடப் போடாமல் போனோடு உட்கார்ந்திருந்தாள். வளைகுடாவில் தண்ணீர் ஏறுவதற்குப் பதிலாகக் காற்று அதைக் கடலுக்கே இழுத்துப் போய்விட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பேஸ்பால் மைதானத்தின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. மறுநாள் மதியம், கரையிலிருந்து 30 மைல் தள்ளி நடுக்கடலில் ஒரு மனிதர் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதப்பதைக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் கண்டுபிடித்துத் தூக்கியது. ராத்திரி முழுக்க அந்தக் கடலில் கிடந்தவர். அவரை இதே படைக்காரர்கள் திங்கட்கிழமைதான் ஒருமுறை படகிலிருந்து காப்பாற்றியிருந்தார்கள். படகைச் சரிசெய்ய மறுபடி போயிருக்கிறார். படகை விட மனசில்லாத அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, என் கிரைண்டர் ஞாபகம் வந்தது.

11ஆம் தேதி, ஆயுத பூஜை அன்றைக்கே திரும்பினோம். வழியில் பாதி பங்க்கில் பெட்ரோல் இல்லை. எங்களோடு கூடவே மின்கம்ப வண்டிகள் வரிசையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. பிரிட்ஜில் மறந்துவிட்ட தோசை மாவு பொங்கி வழிந்து காய்ந்திருந்தது, அவ்வளவுதான் நஷ்டம். கார் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. மகள் கை காட்டினாள்.

இதையெல்லாம் அம்மாயிக்கு, திண்ணையில் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, அவங்களுக்கு எப்ப கிளம்பணும்னு தெரியுது. பரவாயில்ல."

பிறகு, பரணிலிருந்து ஒரு தேக்சாவை இறக்கச் சொன்னாள். ஏறிப் பார்த்தேன். களத்தில் காய வேண்டிய காப்பி மூட்டை மூட்டையாக அங்கே அடுக்கியிருந்தது. பறிப்புக்கு வந்திருந்த கீழ் லைன் வீட்டுக் குடும்பங்கள் மூன்றும் வெள்ளிக்கிழமை ராத்திரியே குடோனுக்கு வந்து படுத்துவிட்டார்கள் என்று மாமா சொன்னார். மாட்டையும் மேல் கொட்டகைக்கு ஏற்றியாயிற்று. நாங்கள் வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தோம்.

"எப்படி அம்மாயி தெரிஞ்சுது?"

"சேர்வராயன் கோயில் பக்கம் ரெண்டு நாளா மேகம் எந்திரிக்கவே இல்ல. அப்புறம் டிவிலயும் சொன்னான்."

மதியம் எங்கோ கடகடவென்று சத்தம் கேட்டது. மகள் திண்ணையிலிருந்து குதித்து, மழையில் களத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, ஜேஹாக்!"

சத்தம் கீழேயிருந்து வந்தது. மலைப்பாதை வளைவுப் பக்கம்.

"ஜேசிபி, சாமி," என்றாள் அம்மாயி. "உள்ள வா, நனையாத." அடுப்பில் தேக்சாவை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "மண்ணு அள்றவங்க எத்தன பேரு வந்துருக்காங்கன்னு மாமன போய்ப் பாத்துட்டு வரச்சொல்லு. காப்பி பத்தணும்."