பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் புத்தகங்கள்

கிளை நூலகத்தின் இரவல் மேசை முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் அம்மாவோ அண்ணனோ மாப்பிள்ளையோதான். வாசகி வீட்டில் இருப்பாள். "மவளுக்குப் பிள்ளை பெத்து இருவது நாளாச்சு, வாசிக்கதுக்கு ஒரு புக்கு தாருங்கோ" என்பார்கள். கேட்டதும் நம் கை தானாகக் குழந்தை வளர்ப்பு அடுக்குக்குப் போகும். அந்தக் கையை நிறுத்தப் பழகுவதுதான் இந்த வேலையின் முதல் பாடம். குழந்தையைப் பற்றிச் சொல்லித் தர அவளைச் சுற்றி ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், அம்மா, மாமி, எதிர்வீட்டு மயினி. பிரசவத்துக்கு முன்னால் எதை வாசித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கத்தான் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வி நூலகருடையது. பேறுகாலம் ஒருத்தியின் ரசனையை மாற்றிவிடுவதில்லை. கை ஓய்வதில்லை, நேரம் துண்டு துண்டாகிறது, விளக்கு மங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு ஏற்ற புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் அவள் மறுபடியும் வாசகிதான்.

வந்தவரிடம் நான்கு விஷயம் விசாரிக்க வேண்டும். கடைசியாக எடுத்த புத்தகம் எது (பழைய பதிவில் இருக்கும்). குழந்தைக்கு எத்தனை நாள். சுகப்பிரசவமா, ஆபரேஷனா. ராத்திரி அந்த அறையில் வேறு யாராவது படுக்கிறார்களா.

நாள் கணக்கு ஏன் என்றால், பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு தடவை 10 நிமிடத்தில் முடியும், சில சமயம் அரை மணி நேரம் இழுக்கும். முதல் இரண்டு வாரம், குழந்தை பால் பிடிக்கப் பழகும்வரை, இரண்டு கையும் வேண்டும். அந்த நாட்களில் புத்தகம் கொடுத்தால் அது தலைமாட்டிலேயே கிடந்து திரும்பி வரும். பாட்டு போதும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு கை மெல்ல விடுபடும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், 20 நிமிடத்தில் 10 பக்கம். ஒரு சிறுகதையின் அளவு அதுதான். நாவல் என்றால் ஐந்தாறு பக்க அத்தியாயங்கள் உள்ளதாகப் பார்க்கலாம். குடும்ப மரம் போட்டு வாசிக்க வேண்டிய பெரிய நாவலைத் தூக்கம் கெட்டவளுக்குக் கொடுத்தால் 40-ம் பக்கத்தில் யார் யாருக்குச் சித்தப்பா என்பது மறந்துவிடும். அப்படியும் அதுதான் வேண்டும் என்று கேட்டால் மறுக்கக் கூடாது. நீளமான ஓர் அடையாளச் சீட்டைச் செருகி, பெயர்களை அதிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

இனி புத்தகத்தின் உடம்பு. வாசகிகள் பாதியில் திருப்பி அனுப்புவதற்கு உள்ளடக்கத்தைவிட இதுவே பெரும்பாலும் காரணம். 200 பக்க டெம்மி (சாதாரண நாவல் அளவு) புத்தகம் ஏறத்தாழ 250 கிராம் இருக்கும், ஒரு கை தாங்கும். 700 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு கிலோவை நெருங்கும். ஏற்கனவே குழந்தையின் தலையைத் தாங்கி மணிக்கட்டு நொந்திருப்பவளுக்கு அது வலியைக் கூட்டும். அடுத்தது பைண்டிங். பசை பைண்டிங் புத்தகம் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். ஒரு கையால் பிடிப்பவள் பெருவிரலை நடுவில் கொடுத்து அழுத்துவாள், முதுகில் பசை விட்டுத் தாள்கள் உதிரும். மடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக நூலால் தைத்த பைண்டிங் படிந்து கிடக்கும். ஒரே நூலின் இரண்டு பதிப்பு இருந்தால், பழையதாக இருந்தாலும் தைத்ததையே எடுத்துக் கொடுக்க வேண்டும். பசை பைண்டிங்தான் இருக்கிறது என்றால் துணி காயப்போடும் கிளிப் இரண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பலாம். இடது பக்கத் தாள்களுக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று.

வைக்கும் இடமும் முக்கியம். பால் குடிக்கும் குழந்தைக்கு மேலே புத்தகத்தை உயர்த்திப் பிடிப்பது ஆபத்து. கண் அசந்தால் அது விழுவது பிள்ளையின் முகத்தில். செல்போனும் அப்படியே. குழந்தை இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் ஒரு தலையணை, அதன்மேல் இன்னொன்று, அதில் சாய்த்து வைத்தால் கழுத்து குனிய வேண்டாம். ஆபரேஷன் ஆனவளுக்கு மடியில் எதுவும் அழுத்தக் கூடாது என்பதால் இந்தப் பக்கத் தலையணை ஏற்பாடு இன்னும் அவசியம். கண் சொக்கத் தொடங்கினால் புத்தகத்தை மூடி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அடுக்கின் கீழ்த் தட்டுப் புத்தகங்களில் பூஞ்சை வாசம் ஏறிவிடும். அதைத் தாயிடம் அனுப்பும் முன் உலர்ந்த துணியால் துடைத்து, பக்கங்களை விசிறிக் காற்றாட வைக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று பாச்சா உருண்டை. பூச்சிக்காகப் புத்தக அலமாரியிலும் துணிப் பெட்டியிலும் போடும் அந்த வெள்ளை உருண்டை நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். பிறந்த சில நாட்களில் எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று வீட்டில் தெரிந்திருக்காது. ஆகவே உருண்டை வாசம் அடிக்கும் புத்தகம் பேறுகால வீட்டுக்குப் போகவே கூடாது. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லவும் கூடாது. வேறு பிரதி எடுக்க வேண்டும்.

எதைக் கொடுக்கலாம்? அவள் கேட்டதை முதலில். எது வேண்டும் என்று தெரியாமல் கேட்டால், இந்த மண்ணிலேயே போதுமான சரக்கு இருக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-ல் வந்தது. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் இருத்தப்பட்ட லிஸி என்ற பெண்ணையும் பனைவிளையையும் பற்றிய மெலிந்த நாவல். நாலு சுவருக்குள் நாளைக் கழிப்பவளின் மனசு எப்படிச் சுற்றும் என்று அறிந்து எழுதியது. நாற்பது நாள் வெளியே இறங்காதே என்று கட்டுப்பாட்டில் இருக்கும் வாசகிக்கு இது மற்ற எந்தக் காலத்தையும்விட இப்போது நெருக்கமாக இருக்கும். நாஞ்சில் நாடன் கதைகளில் சோறும் கறியும் அதிகம். பத்தியம் காக்கிறவளுக்கு அது ஆறுதலா வேதனையா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் கூட இருந்தால் தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அருமையான தேர்வு. காரணவர் (குடும்பத் தலைவர்) ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த பாட்டு. சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரி மக்களுக்குப் போன பழைய முறையை அது கேலியால் கிழிக்கிறது. 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வந்து அந்த முறை முடிந்தது. பாட்டாக இருப்பதால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். மாமியும் மருமகளும் ஒரே அறையில் முறுவலிக்க இதைப் போல் வேறொன்று எளிதில் கிடைக்காது. கவிமணியின் குழந்தைப் பாடல்களை இப்போதே கூடவே அனுப்பலாம். பிள்ளைக்குப் பொருள் புரியாது என்றாலும் தாயின் குரல் பிறந்த நாளிலிருந்தே அதற்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையை நூலகர் மட்டுமே தர முடியும். தொகுப்பில் குழந்தை இறக்கும் கதை, பேறுகாலத்தில் தாய் சாகும் கதை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "மூன்றாவது கதை கனமானது, பிறகு வாசிக்கலாம்" என்று ஒரு சீட்டு எழுதிச் செருகினால் போதும். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பெரும் படைப்பு. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு இங்குள்ளவர்களுக்கு அகராதி இல்லாமலே விளங்கும். ஆனால் பெண்கள் அடிபடும் வீடு அது. கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். மறைத்து வைக்க நமக்கு உரிமை இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் பத்துப் பதினைந்து நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு, அது தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிடித்த புத்தகத்தைத் திறக்கவே மனமில்லை என்று வந்தவர் சொன்னால், அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லச் சொல்ல வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ராத்திரி வெளிச்சத்துக்கு மூன்று வாட்ஸ் மஞ்சள் பல்பு போதும், தோளுக்குப் பின்னால் தாழ்வாக. செல்போனில் வாசிப்பவர்கள் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

பாட்டில் இந்த மாவட்டத்துக்கு ஒரு தனி வளம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நாடு இது. 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரையிம்மன் தம்பி மலையாளத்தில் எழுதிய 'ஓமனத்திங்கள்' தாலாட்டை இந்தப் பக்கத்துப் பாட்டிகளிடம் இன்னும் கேட்கலாம். கைக்குழந்தையைப் பார்த்து நீ இதுவோ, அதுவோ என்று கேட்டுக்கொண்டே போகிற பாட்டு. ஒவ்வொரு வரியும் தனிக் கேள்வியாக இருப்பதால் எந்த இடத்திலும் தொடங்கலாம், எந்த இடத்திலும் விடலாம். கண் அசந்த தாய்க்கு இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவளுக்குத் தாலாட்டு ராகமான நீலாம்பரி சொல்லாமலே தெரியும். தக்கலைப் பக்கத்து வீடுகளில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி. ஆண்டு விழாவில் இரவு முழுக்கப் பலர் கூடிப் பாடுவது அது. பதிவில் கேட்டாலும் அந்தக் கூட்டுக்குரலின் சீரான ஏற்ற இறக்கம் மனசை அமர்த்தும். கிறிஸ்தவ வீடுகளில் கீர்த்தனை.

வில்லுப்பாட்டு விரும்பிகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பேறுகாலத்துக்குப் பொருந்தும், ஒரு விதத்தில் நாவலைவிட நன்றாகவே. முன்னால் பாடுபவர் சொன்ன அடியைப் பக்கப்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவதால், குழந்தை சிணுங்கி இரண்டு நிமிடம் கவனம் போனாலும் கதை கைவிட்டுப் போகாது. உடுக்கும் வீசுகோல் வில்லில் விழும் மணியோசையும் சன்னமானவை அல்ல என்பதால் ஒலியைக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். இசக்கியம்மன் கதையைக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. கையில் பிள்ளையோடு நிற்கும் தெய்வம், தொட்டில் நேர்ந்து கட்டும் தெய்வம். அந்தக் கதையில் கொலையும் பழியும் இருக்கிறது, பகலில் கேட்பதே நல்லது.

பாட்டுப் பெட்டி எதுவானாலும் குழந்தையிலிருந்து ஏழு அடி தள்ளி இருக்கட்டும். 50 டெசிபலுக்குள், அதாவது இரண்டு பேர் அமைதியாகப் பேசும் அளவுக்குள். காதில் மாட்டிக் கேட்பவள் ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும், மறு காது பிள்ளைக்கு. கம்பி உள்ள இயர்போன் வேண்டாம். கம்பி குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

ஓவியம் என்றால் கோலத்திலிருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவு, அதிலும் கறுப்பு வெள்ளை எதிர்நிறமே முதலில் பிடிபடும். கறுப்புச் சார்ட்டில் வெள்ளை மார்க்கரால் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம், கோடு அரை அங்குலத் தடிமன், அட்டை ஓர் அடிக்குள். சுண்ணக்கட்டியில் தூள் பறக்கும், அது வேண்டாம். அட்டையைக் கையில் பிடித்துக் காட்டலாம், நூலில் கட்டித் தொட்டிலுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. வரையும் பழக்கம் உள்ள தாய்க்கு 4பி பென்சிலும் சின்ன நோட்டும் போதும். எண்ணெய் வண்ணத்தின் டர்பன்டைன் நெடி அந்த அறைக்கு ஆகாது.

மூன்று மாதம் கழிந்து வெளியே போகலாம் என்றானால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள் விடுமுறை. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல் ஒன்று கிடையாது. தோளில் கிடக்கும் குழந்தையும் மேலேதான் பார்க்கும். உள்ளே படிகள் குறுகலும் செங்குத்தும், வாசல் நிலைகள் தாழ்வு. தள்ளுவண்டி உதவாது, துணியில் கட்டித் தூக்கிப் போவதே சரி, மாடிக்குப் போகாமல் பூமுகத்தோடு திரும்பினாலும் குறையில்லை.

வேலைக்குத் திரும்பியவர்களுக்குப் புத்தகத்தைவிடக் காது உதவும். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலைகளில் கை ஓயாது, கேட்கத் தடையில்லை. சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பாலைப் பீய்ச்சி எடுக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் முடியும் ஒலிக்கதைகளின் பட்டியல் ஒன்று இரவல் மேசையில் ஒட்டியிருந்தால் நல்லது.

திரும்பி வரும் புத்தகங்களில் பால் கறை இருக்கும். அதற்கு அபராதம் போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஈரமாக இருந்தால் தேய்க்காமல் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி, இரு பக்கமும் உறிஞ்சும் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். பாலின் இனிப்புக்கு எறும்பு வரும், மாவுப்பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும். எனவே உலர்ந்த பிறகும் ஒரு வாரம் தனித் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கில் ஏற்ற வேண்டும். அதுவரை அந்த நூலுக்கு அடுத்துக் காத்திருப்பவரின் பெயரைப் பதிவில் குறித்து வைக்கலாம்.