வேதாங்கத்தில் இலக்கணம்: எங்கே தொடங்குவது?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் என்றால் நம் பக்கத்தில் பௌர்ணமிக் கூட்டமும் மாசி மகிழடி சேவையும்தான் பேச்சு. அங்கே பாணினியின் சமஸ்கிருத இலக்கணம் சொல்லிக்கொடுக்க வியாகரணதான மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது.

வேதம் கற்கத் துணையாகும் கலைகள்தான் வேதாங்கம். சிட்சை (உச்சரிப்பு), வியாகரணம் (இலக்கணம்), சந்தம் (யாப்பு), நிருக்தம் (சொற்பிறப்பு), சோதிடம், கற்பம் (சடங்கு முறை) என்று அவை ஆறு. (சோதிடத்துக்கு மட்டும் இன்றும் கிராக்கி குறையவில்லை.) வியாகரணத்தின் வாசல், எழுத்துகளை வரிசைப்படுத்தும் 14 மகேசுவர சூத்திரங்கள். முதல் நான்கு: அ இ உண், ருலுக், ஏ ஓங், ஐ ஔச். வரிக்கடைசி மெய் வெறும் அடையாளம். எழுத்துக் கணக்கில் சேராது. முதல் வரி 'அ'வில் தொடங்கி நான்காம் வரி 'ச்' வரை பிடித்தால் 'அச்', அதாவது உயிரெழுத்து முழுவதும். 'இக்' என்றால் இ, உ, ரு, லு. இதை மனப்பாடம் செய்யாமல் பாணினியின் நூலான அஷ்டாத்யாயியைத் திறந்தால் பல சூத்திரங்கள் புரியாது.

'இகோ யணசி' என்பது அந்நூலில் 6.1.77 (அத்தியாயம், பாதம், சூத்திரம் என்ற வரிசையில் எண்). பின்னால் உயிர் வந்தால் 'இக்' போய் ய, வ, ர, ல வரும். பிரதி+ஏகம் பிரத்யேகம், சு+ஆகதம் ஸ்வாகதம். தமிழ்ப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். மணி+அடித்தது மணியடித்தது என்று நம் உடம்படுமெய் நடுவில் வந்து நிற்கும், இகரம் போகாது. அந்தப் பழக்கத்தில் 'பிரதியேகம்' என்று எழுதிவிடுவார்கள். அடுத்த தடுமாற்றம் ரவி+இந்திரன். ஒரே இன உயிர் என்பதால் இங்கே 6.1.101 முந்திக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து நெடிலாகி, ரவீந்திரன்.