ஐந்து சிலிண்டரும் ஒரு வீணையும்

மகளின் வீணையை வண்டியில் ஏற்றுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. பின் இருக்கையின் சிறிய பகுதியை மட்டும் மடித்துவிட்டு, பழைய பருத்திச் சேலை ஒன்றை நான்காக மடித்து விரித்து, குடம் பின்கதவுப் பக்கமும் யாளி முகம் முன்பக்கமும் இருக்குமாறு வீணையை நெடுக்காகக் கிடத்துவோம். குடம் உருளாதிருக்க ஒரு தலையணை. மடிக்காத இருக்கையில் மகள் அமர்ந்து, ஒரு கையைத் தண்டியின் மேல் வைத்துக்கொள்வாள். இத்தனை ஏற்பாட்டுடன் லெஸ்டரிலிருந்து எம்1 நெடுஞ்சாலையில் ஏறி, இடப்பக்கத் தடத்தில் நிதானமாகச் செல்லும் எங்கள் வண்டி, நின்ற நிலையிலிருந்து ஏழு நொடிக்குள் அறுபது மைல் வேகத்தை எட்டக்கூடியது என்பது எங்களைக் கடந்து செல்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியும். அந்த நிறைவைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

வண்டி 1995ஆம் ஆண்டு மாடல் வோல்வோ 850 டி-5ஆர் எஸ்டேட். கட்டித் தயிரில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கலந்தால் வரும் நிறம். ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

இலங்கையில் வளர்ந்த எனக்கு எஸ்டேட் என்ற சொல் முதலில் நினைவூட்டுவது மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களைத்தான். பிரித்தானியாவில் அச்சொல் வாகனத்துக்கு வந்ததற்கும் நிலமே காரணம்: நாட்டுப்புறப் பெருநிலக்காரர்களின் மாளிகைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் இடையில் விருந்தினரையும் அவர்களின் பெட்டிகளையும் ஏற்றி இறக்கிய வண்டிகளே எஸ்டேட் கார்கள் ஆயின. அதே வண்டியை அமெரிக்கர்கள் ரயில் நிலையத்தை வைத்து ஸ்டேஷன் வேகன் என்றார்கள். ஆக, பிறப்பிலேயே அது சுமை தூக்கும் வண்டி. அதற்கு விளையாட்டுக் காரின் வலிமையைக் கொடுத்தபோதும் சுமை தூக்கும் குணம் கெடாமல் பார்த்துக்கொண்டதுதான் நல்ல அதிவேக எஸ்டேட்டுகளை உருவாக்கியவர்களின் திறமை.

பழைய வண்டியின் மீதான பற்று எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் அவரிடம் ஓர் ஆஸ்டின் ஏ40 இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, ஊரில் இருந்த மொரிஸ் மைனர்களும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பொன்போலச் சேமித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வெண்புகையின் நெடியை இன்றும் என்னால் பிரித்தறிய முடியும். இயந்திரம் ஒன்றை ஓட வைத்திருப்பது வாழ்க்கையை ஓட வைத்திருப்பதற்குச் சமம் என்பதை அந்த வயதிலேயே கண்ணால் கண்டவன் நான். முப்பது வயதான வண்டியைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதியது வாங்கச் சொல்பவர்களின் வாதம் எனக்குள் இறங்காததற்கு அதுவே காரணம்.

850 வரிசை 1991ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் அறிமுகமானது. அதுவரை பின்சக்கர இயக்கத்தோடு பெரிய கார்களைச் செய்துவந்த நிறுவனம், ஐந்து சிலிண்டர் அலுமினிய இயந்திரத்தைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியது. பக்கவாட்டு மோதலின் விசையை உடலமைப்பு முழுவதற்கும் பரப்பிவிடும் கட்டமைப்பையும் கொடுத்தது. யான் வில்ஸ்கார்ட் வரைந்த நேர்கோட்டு உருவம் பழைய வோல்வோக்களின் பெட்டி வடிவத்தைக் கைவிடவில்லை. எஸ்டேட் 1993இல் வந்தது. அதன் பின்புறத் தூண்களில் கூரைவரை ஏறிச் செல்லும் நெட்டை விளக்குகளை முதன்முதலில் கண்டபோது இப்படி ஒரு பின்னழகு வேறு எந்த வண்டிக்கும் இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். பக்கவாட்டுக் காற்றுப்பைகள் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்த உலகின் முதல் காரும் இந்த 850தான். டி-5ஆர் என்பது 1995 மாடலுக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட சிறப்புப் பதிப்பு. வழக்கமான டி-5இல் 225 குதிரைத்திறன் தந்த 2.3 லிட்டர் டர்போ இயந்திரம் (டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி), அந்தக் காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தியதால் இதில் 240ஐத் தொட்டது. மஞ்சள், கறுப்பு, கரும்பச்சை ஆகிய மூன்று நிறங்களில் மட்டுமே கிடைத்தது.

இந்த உருவத்துக்குப் புகழ் தேடித் தந்தது பந்தயக் களம். 1994ஆம் ஆண்டு பிரித்தானிய டூரிங் கார் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, டொம் வாக்கின்ஷாவின் டி.டபிள்யூ.ஆர். அணி இரண்டு 850 எஸ்டேட்டுகளைக் களத்தில் இறக்கியது. ஓட்டியவர்கள் ஸ்வீடனின் ரிக்கார்ட் ரீடெலும், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற அணியில் இருந்த நெதர்லாந்தின் யான் லம்மர்ஸும். கடைத்தெருவுக்குப் போகும் வண்டி பந்தயத்துக்கு வந்துவிட்டதாக மற்ற அணியினர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொள்வதுபோல், ஒருமுறை அணிவகுப்புச் சுற்றின்போது பெரிய நாய்ப் பொம்மையொன்றைப் பின்புறத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஆண்டு எஸ்டேட் எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை. மறு ஆண்டு காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகளுக்கு அனுமதி அளிக்கும் வகையில் விதிகள் மாறியதால், அணி, பின்பெட்டி தனியாக உள்ள சலூன் வகைக் காருக்கு மாறி, அதில் வெற்றிகளையும் பெற்றது. இருந்தாலும், முப்பது ஆண்டுகள் கழிந்த பின் மக்கள் நினைவில் வைத்திருப்பது வென்ற சலூனை அல்ல. இரண்டு சக்கரம் தரையிலும் இரண்டு சக்கரம் ஓர விளிம்பிலுமாக வளைவில் சாய்ந்து பாய்ந்த அந்த எஸ்டேட்டைத்தான். பெற்றோல் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வந்து பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இன்னும் சிலர், தொண்ணூறுகளில் நெடுஞ்சாலைக் காவற்படையினர் டி-5 எஸ்டேட்டுகளில் ரோந்து வந்ததை நினைவுகூர்வார்கள். பின்னோக்குக் கண்ணாடியில் அந்தச் சதுர முகம் தெரிந்தால் கால் தானாகவே மேலே வந்துவிடும் என்பார்கள்.

இயந்திரத்தின் ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் அதன் சுழல்தண்டு திரும்பும் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒருமுறை எரிப்பு நிகழும். ஒன்று உந்தி முடித்த பின்பே அடுத்தது தொடங்கும். ஐந்து சிலிண்டரில் 144 பாகைக்கு ஒருமுறை என்பதால், ஒன்றின் உந்துதல் முடிவதற்குள் அடுத்தது தோள் கொடுத்துவிடுகிறது. 1-2-4-5-3 என்று எரிப்பின் வரிசை தாவித் தாவிச் செல்வதால், ஒலியில் சீரும் உண்டு, ஒரு சிறு இடறலும் உண்டு. மகளுக்கு ஐந்தெண்ணிக்கைத் தாளநடையான கண்ட நடை பயிற்றுவிக்கும் ஆசிரியர் ‘தக தகிட’ என்று கையால் தட்டிக் காட்டியபோது, எனக்கு உடனே இந்த வண்டி நினைவுக்கு வந்தது. ஓடும் வேகத்தில் அதை எண்ண முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் இரண்டாம் கியரில் மூவாயிரம் சுற்றைக் கடக்கும்போது எழும் அந்தக் கம்மிய முழக்கம், நாலில் அடங்காத, ஆறின் வழவழப்புக்கும் போகாத ஐந்தின் தனிக்குணம் என்றே என் காது கொள்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். 240 குதிரைத்திறனையும் முன்சக்கரங்கள் இரண்டே சுமக்கின்றன. ஈரச் சாலையில் இரண்டாம் கியரில் மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள் நெளியும். டர்போ விழித்துக்கொள்ளும் நொடியில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைத் தீர்மானித்துவிட்டு, நேரான பிறகே மிதிக்க வேண்டும் என்று அது ஓட்டுநருக்குக் கற்பிக்கிறது. நான் அதைக் குறையாகக் கருதாமல் பழகிக்கொண்டேன். ஆனால் 17 அங்குல ரிம்மும் அதன்மேல் நாடாபோல் ஒட்டியிருக்கும் 45 சீரிஸ் டயரும் இன்றைய குழிவிழுந்த சாலைகளுக்கு ஒத்துவரவில்லை என்பதே என் முடிவு. மாசி மாத மழையில் நீர் நிறைந்த குழியொன்றில் இறங்கி ஒரு ரிம் வளைந்தபின், குளிர்காலம் முழுவதும் 16 அங்குலச் சக்கரங்களில்தான் ஓட்டுகிறேன். தோற்றம் சற்றுக் குறைகிறது. வீணைக்கு அதுவே நல்லது.

இதே காலத்தில் வந்த ஆவுடி ஆர்எஸ்2 அவான்ட்டை விட்டுவிட்டு இவ்வகை வண்டிகளைப் பற்றிப் பேச முடியாது. போர்ஷேயுடன் சேர்ந்து உருவாக்கி, அதன் ட்சுஃபன்ஹவுசன் ஆலையில் பொருத்தி, மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவாகவே வெளியிட்ட வண்டி அது. அதுவும் ஐந்து சிலிண்டர் டர்போதான். ஆனால் 315 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். அதை ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இயந்திரத்துக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் உறிஞ்சு குழாயின் மேல் வார்க்கப்பட்டிருக்கும் போர்ஷே என்ற எழுத்துகளை விரலால் தொட்டும் பார்த்தேன். வேகத்தில் வோல்வோ அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் இன்று அதன் விலை ஏறியிருக்கும் உயரத்தில், அதன் பின்புறத்தில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை இழுத்துப் போட யாருக்கு மனம் வரும்? என் வண்டியில் அரிசி மூட்டை, பொங்கற் பானை, நண்பனின் வீடு மாற்றத்துக்காகக் கழற்றிய கட்டில், முன்பயணி இருக்கையின் முதுகை மடித்துத் திணித்த நீண்ட பலகைகள் எல்லாம் ஏறியிருக்கின்றன. உள்விளிம்பின் பிளாஸ்டிக்கில் உள்ள கீறல்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல என்னால் முடியும்.

முதுமை இந்த இயந்திரத்தில் எங்கே தெரியும் என்பதை இவ்வண்டிக்காரர்கள் ஒரு ரப்பர்க் கையுறையால் அறிவார்கள். இயந்திரத்தின் அடியில் சேரும் ஆவியை உறிஞ்சுகுழாய்க்குத் திருப்பிவிடும் குழல்களும், அந்த ஆவியிலுள்ள எண்ணெயைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப் பொறி என்ற பெட்டியும் காலப்போக்கில் கசடால் அடைபடும். அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக எண்ணெய் கசியத் தொடங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை இழுத்து மாட்டிவிட்டு, இயந்திரத்தை ஓடவிட வேண்டும். வாங்கிய முதல் வாரம் நான் அதைச் செய்தபோது, கையுறை மெல்ல எழுந்து, ஐந்து விரல்களும் விறைத்து, யாரோ உள்ளிருந்து கையை உயர்த்தியதுபோல் நின்றது. சரி, வேலை இருக்கிறது என்று புரிந்தது. உறிஞ்சு குழாய்த் தொகுதியைக் கழற்றினால் இயந்திரத்தின் முன்முகத்தில் அந்தக் கறுப்புப் பொறி தெரியும். அதன் குழல்களை மடித்தபோது முறுக்குப்போல் ஒடிந்தன. உள்ளே தார்போல் இறுகிய கசடு. மச்சானும் நானும் இரண்டு நாள் உழைத்து, இயந்திரக் கட்டைக்குள் இறங்கும் துளைகளையும் சுரண்டித் துப்புரவாக்கிப் புதியதை மாட்டினோம். மறுபடி கையுறையை வைத்தபோது அது எழவில்லை; விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே இழுபட்டன. ‘மச்சான், மூச்சை உள்ள இழுக்குது பாருங்கோ’ என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

லண்டன் பயணங்களுக்கு இப்போது கூடுதல் செலவு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதும் விரிவாக்கப்பட்ட மாசுக்குறைப்பு வலயத்துக்குள், யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டாத பெற்றோல் கார்கள் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் செலுத்த வேண்டும். ஹைகேட் முருகன் கோயிலுக்கோ கச்சேரிக்கோ போகும் ஒவ்வொரு முறையும் செலுத்துகிறேன். நாற்பது வயதான வண்டிகளுக்கு விலக்கு உண்டு என்பதால் 2035 வரை இப்படித்தான். அந்த மாநகரில் பிள்ளைகள் மூச்சுவிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனவே முணுமுணுப்பின்றிக் கட்டுகிறேன், அத்தியாவசியமான பயணங்களுக்கு மட்டும் எடுத்துச் செல்கிறேன்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது காரோ, வானோ?’ என்று கேட்டார். பதில் சொல்லாமல் பொனட்டைத் திறந்து இயந்திரத்தைக் கிளப்பினேன். எண்பத்திரண்டு வயதிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று மட்டும் கேட்டார். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இயந்திரமே போய்விடும் வகை இது என்பதை நான் சொல்லாமலே அவர் ஊகித்துவிட்டார். பெல்ட், அதைத் தொய்யாமல் பிடிக்கும் இறுக்கி, அதே பெல்ட்டால் சுழலும் நீர்ப்பம்பு மூன்றும் இப்போது பெட்டியோடு கூடத்து மூலையில் இருக்கின்றன. மகளின் அரங்கேற்றம் ஆவணியில். அதற்குமுன் ஒரு சனி ஞாயிறு மழையில்லாமல் கிடைத்தால், மச்சானைக் கூப்பிட்டு மாட்டிவிடுவேன்.