குடியாத்தத்தின் புள்ளியும் டி-ஷர்ட் பேட்ச்சுகளும்

காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகள் எனக்கு அனுப்புகிற மெசேஜ் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ஓபன் சோர்ஸ் பண்ணா ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?"

உதவும். (ஓபன் சோர்ஸ் என்றால், யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய கோட்.) ஆனால் அந்தக் கோடெல்லாம் இருக்கிற கிட்ஹப் தளத்தில், வேலை செய்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டம் நிறைய இருக்கிறது என்பதற்காக இன்டர்வியூவில் நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை. 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், அதாவது ஓபன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தந்த அக்டோபர் போட்டியில், நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? இலவச டி-ஷர்ட்டுக்காக, ப்ராஜெக்ட்டின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு வார்த்தையைச் செருகிவிட்டு ஊர்ப்பட்ட புல் ரிக்வெஸ்ட் (என் பேட்ச்சை, அதாவது திருத்தத்தை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) அனுப்பினார்கள். ப்ராஜெக்ட்டைப் பராமரிப்பவர்கள் வெறுத்துப்போய்க் கத்த, பங்கேற்க விருப்பம் சொன்ன ப்ராஜெக்ட்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று போட்டி நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

என் கதை ரொம்பச் சாதாரணம். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஜாவா மெயின்டெனன்ஸ், வார இறுதியில் காட்பாடிக்கு ரயில், இப்போது சீனியர் என்ற பட்டத்தோடு சத்துவாச்சாரி வீட்டு மாடியில் இருந்தே வேலை. சம்பளத்துக்கு எழுதிய கோடில் பாதி இன்று எங்கேயும் ஓடவில்லை. க்ளையன்ட் போனார், கோடும் போனது. அங்கே கோட் ரிவ்யூ என்பது சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில் 'அப்ரூவ்' தட்டுவது. யாராவது என் கோடை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டது ஓபன் சோர்ஸில்தான்.

அப்படி ஒன்றைச் சொல்கிறேன். லேபிள் அச்சடிக்க உதவும் ஒரு சின்ன லைப்ரரி (மற்ற ப்ரோக்ராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு). பெயர் நீளமாக இருந்தால் பத்து 'கேரக்டரோடு' வெட்டிவிடும். அதில் குடியாத்தம் என்று கொடுத்தால் 'குடியாத்தம' என்று வந்தது, கடைசிப் புள்ளியைக் காணோம். நமக்கு அது ஆறு எழுத்து. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று தனித்தனியாக எண்ணிக்கொண்டே போனால் பதினொன்று. பதினொன்றாவதுதான் அந்தப் புள்ளி. ராணிப்பேட்டை இன்னும் மோசம், 'ராணிப்பேட்' என்று நின்றுவிட்டது.

திருத்தம் சில வரிதான். இப்படித் தனித்தனியாக வரும் கோட் பாயின்ட்டை எண்ணாமல், யூனிகோட் தரத்தில் சொல்லியிருக்கிற கிராஃபீம் கிளஸ்டரை (குறியோடு சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்ளும் தொகுதியை) எண்ணச் சொன்னேன். அப்புறம்தான் நிஜ வேலை. தமிழே தெரியாத பராமரிப்பாளர் கேட்டார்: இதற்கு டெஸ்ட் எங்கே? வெறும் ஆங்கிலம் மட்டும் வருகிற இடத்தில் இது வேகத்தைக் குறைக்காதா? நியாயமான கேள்விகள். ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும் இருந்தால் பழைய வழியிலேயே போகட்டும் என்று ஒரு குறுக்குவழி வைத்தேன், நம்மூர்ப் பெயர்களை எல்லாம் டெஸ்ட்டில் போட்டேன். (பேரணாம்பட்டு இப்போது யாரோ ஒருவருடைய, டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் அற்ப சந்தோஷம்.) 'க்ஷ' அந்த விதிப்படி இன்னமும் இரண்டாகத்தான் எண்ணப்படும், அதை அப்படியே விட்டுக் காரணத்தைக் கமென்ட்டில் எழுதினேன். கோடைவிட அந்த விளக்கம் எழுதத்தான் நேரம் பிடித்தது. இன்டர்வியூவில் நான் தேடுவதும் இதைத்தான்: எதிரில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்றை, அவர் சந்தேகப்பட்டுக் கேட்கக் கேட்க, கோபப்படாமல் புரியவைக்க முடியுமா?

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். நீங்கள் எழுதுவது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று பலதில் ஒரு ஷரத்து இருக்கும். மேனேஜர் வாயால் "சரி" என்றால் போதாது, மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எதில் தொடங்குவது என்று கேட்டால், அதே லைப்ரரியில் தேடும் பகுதியைப் பாருங்கள். 'ஸ்ரீபுரம்' என்று தேடினால் சில பதிவுகள் வராது. ஸ்ரீயை 'ஸ' போட்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' போட்டும் எழுதலாம். பல ஃபான்ட்டில் பார்வைக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் வழக்கமான நார்மலைசேஷனும் இரண்டையும் சேர்க்காது. இந்தக் கோளாறைச் சொல்லும் இஷ்யூ, அதாவது புகார்ப் பதிவு, திறந்தே கிடக்கிறது. எடுத்துக்கொள்கிறவர்கள் டெஸ்ட்டோடு அனுப்புங்கள், ரிவ்யூ நான் பார்க்கிறேன்.