புவெரிலிஸ்: வயதும் வசையும்

பண்டைய ரோமக் கவிஞர் வெர்ஜில் லத்தீனில் எழுதிய ‘ஈனீட்’ காவியத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் ‘புவெரிலே ஆக்மென்’ என்ற தொடரை ‘சிறுபிள்ளைத்தனமான படை’ என்று நான் முதலில் என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அதே சொல்வழி வந்த ‘பியூரைல்’ என்றாலே ஏளனம்தான். அந்தப் பழக்கம் லத்தீன் மூலத்தைப் பார்க்கவிடாமல் என் கண்ணை மறைத்துவிட்டது. தந்தை ஆங்கைசீஸின் நினைவு நாளில் சிசிலியில் விளையாட்டுகளை நடத்தும் காவிய நாயகன் ஈனியாஸ், சிறுவர் அணி ஆயத்தமாகிவிட்டதென்றால் அதை அழைத்து வருமாறு மகன் அஸ்கானியஸுக்குச் சொல்லி அனுப்புகிறான். தலைவன் ஒருவனுக்குப் பன்னிருவராக மூன்று குதிரை அணிகள் களத்தில் நுழைகின்றன. படபடப்போடு வரும் அந்தப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கைதட்டி வரவேற்று, அவர்களுடைய முகங்களில் முன்னோரின் சாயலைக் கண்டு மகிழ்கிறார்கள். இந்தக் காட்சியில் வசைக்கு ஏது இடம்? குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘சிறுவர் அணி’ என்று திருத்தினேன்.

லத்தீனில் ‘புவெர்’ என்றால் சிறுவன். அதனோடு ‘இலிஸ்’ என்ற விகுதி சேர்ந்தால் ‘சிறுவனுக்குரிய’ என்ற பொருளில் ‘புவெரிலிஸ்’ பிறக்கிறது. ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அதே வடிவம், அஃறிணைப்பாலுக்கு மட்டும் ‘புவெரிலே’. ஆண்மகனைக் குறிக்கும் ‘விர்’ என்பதிலிருந்து ‘விரிலிஸ்’, முதியவனைக் குறிக்கும் ‘செனெக்ஸ்’ என்பதிலிருந்து ‘செனிலிஸ்’ ஆகியவையும் இவ்வாறே வந்தவை. இவற்றுள் ‘விரிலிஸ்’ பெருமைப் பக்கம் சாய்ந்தது. கிழவிக்குரியது என்று பொருள்படும் ‘அனிலிஸ்’, பாட்டிக் கதைகளைத் தள்ளிவைக்கும் சொல்லாயிற்று. இது எனக்கு வருத்தம் தருகிறது.

‘புவெரிலிஸ்’ இரண்டு பக்கமும் நிற்கிறது. பருவத்தைச் சொல்லும்போது அதில் குறை எதுவும் இல்லை; அந்தப் பருவத்தைக் கடந்தவர்மேல் ஏறும்போதுதான் அது வசையாகிறது. நேராக விழுந்துகொண்டிருக்கும் அணுக்கள் காரணமே இல்லாமல் சற்று விலகுகின்றன என்ற கிரேக்கத் தத்துவ ஆசிரியர் எபிகியூரஸின் கொள்கையைக் கண்டித்த ரோமப் பேச்சாளர் சிசரோ, கி.மு. 45இல் எழுதிய நூலில், அது முழுவதும் ‘புவெரிலிதெர்’, அதாவது சிறுபிள்ளைத்தனமாக, புனையப்பட்டது என்றார். முதிர்ந்த தத்துவ ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னதால்தான் அந்த வினையடை அவ்வளவு சுடுகிறது.

இந்த இரட்டைப் பொருளை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ரோமத் தத்துவ ஆசிரியர் செனெகா. நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய நான்காம் கடிதத்தில், சிறுவரின் கரைபோட்ட அங்கியைக் களைந்து ஆண்மகனின் அங்கியை அணிந்து மன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட நாளின் மகிழ்ச்சியை அவர் முதலில் நினைவூட்டுகிறார். பிறகு, நம்மிடம் இன்னும் எஞ்சியிருப்பது ‘புவெரிதியா’ அன்று, அதைவிடக் கொடிய ‘புவெரிலிதாஸ்’ என்கிறார். சிறுவர் அற்பமானவற்றுக்கு அஞ்சுகிறார்கள், கைக்குழந்தைகள் பொய்யானவற்றுக்கு அஞ்சுகின்றன, நாமோ இரண்டுக்கும் அஞ்சுகிறோம் என்று அவர் தொடர்கிறார்.

இந்த இடத்தைத் தமிழில் சொல்வதற்கு நான் தடுமாறவே இல்லை. முன்னது பிள்ளைப் பருவம், பின்னது பிள்ளைத்தனம். செனெகா தம் மொழியில் இரண்டு பெயர்ச்சொற்களை எதிரெதிரே நிறுத்திப் பெற்ற வேறுபாட்டை, நம்முடைய ‘தனம்’ என்ற விகுதி அப்படியே ஏந்திக்கொள்கிறது.